சிகாகோ பேர்ஸும் முதல் பிக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இல் சிகாகோ பேர்ஸ் அணியிடம் 2023, 2024 ஆகிய இரண்டு வருடமும் டிராஃப்டின் முதல் பிக், அதாவது புதிய வீரர்களை எடுக்கும் வரிசையில் முதல் இடம், இருந்தது. முதல் வருடம் அதை விற்றார்கள். அடுத்த வருடம் அந்த விற்பனையின் பலனாகவே இன்னொரு முதல் பிக் கைக்கு வந்தது, அதை வைத்துக்கொண்டார்கள். இந்த இரண்டு முடிவுகள் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டிராஃப்ட் என்றால் ஐபிஎல் ஏலம் மாதிரியா?

இல்லை. ஏலத்தில் பணம் பேசும், இங்கே வரிசை பேசும். கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் வீரர்களை 32 அணிகளும் ஏழு ரவுண்டுகளில் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். போன சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியை ஜெயித்த அணி ஒவ்வொரு ரவுண்டிலும் கடைசி. எடுத்த வீரரோடு அந்த அணி மட்டும்தான் ஒப்பந்தம் பேச முடியும்.

வரிசையில் உள்ள இடத்தை விற்கலாம், வாங்கலாம், அடுத்த வருட இடத்தைக்கூட இப்போதே அடகு வைக்கலாம். இந்தக் கதை முழுக்க அந்த விற்பனை பற்றியதுதான்.

2023-இல் முதல் பிக் பேர்ஸிடம் எப்படி வந்தது? அவர்கள்தான் கடைசியா?

2022 சீசனில் பேர்ஸ் 3 வெற்றி, 14 தோல்வி. அது மட்டும் போதவில்லை, கடைசி நாள் வரை ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அவர்களைவிடக் கீழே இருந்தது. 2023 ஜனவரி 8-ஆம் தேதி இண்டியானாபொலிஸில் டெக்ஸன்ஸ் தோற்றிருந்தால் முதல் பிக் அவர்களுக்கே போயிருக்கும். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது, நான்காவது டவுனில், அதாவது கடைசி முயற்சியில், 20 யார்டு தேவை என்ற நிலையில், டேவிஸ் மில்ஸ் எறிந்த பந்தை ஜோர்டன் ஏகின்ஸ் பிடித்து டச்டவுன் அடித்தார். அப்புறம் இரண்டு பாயின்ட் முயற்சியும் பலித்தது. 32-31.

வேடிக்கை என்னவென்றால், அன்று டெக்ஸன்ஸின் தலைமைப் பயிற்சியாளர் லவி ஸ்மித். 2004 முதல் 2012 வரை பேர்ஸைப் பயிற்றுவித்து ஒரு தடவை சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோனவர். பழைய முதலாளிக்குப் பரிசு கொடுத்துவிட்டு அன்றிரவே வேலையை இழந்தார். பேர்ஸ் ரசிகர்கள் அவருக்கு ஒரு சிலை வைக்கலாம் என்று நான் பாதி விளையாட்டாகச் சொல்வதுண்டு.

அப்போது அவர்கள் முன் என்னென்ன வழிகள் இருந்தன?

உருப்படியானவை மூன்று. குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜஸ்டின் ஃபீல்ட்ஸை அனுப்பிவிட்டுப் புதிய குவார்ட்டர்பேக்கை எடுப்பது. ஃபீல்ட்ஸை வைத்துக்கொண்டு, முதல் பிக்கில் வில் ஆண்டர்சன் அல்லது ஜேலன் கார்ட்டர் போன்ற தடுப்பாட்டக்காரரை எடுப்பது. இல்லாவிட்டால் கீழே இறங்கி, அந்த இடத்துக்கு நல்ல விலை வாங்குவது.

இரண்டாவது வழி அப்போதே வீண் என்றுதான் நினைத்தேன். குவார்ட்டர்பேக்குக்காக மற்ற அணிகள் அடித்துக்கொள்ளும் வருடத்தில், முதல் பிக்கை வேறு இடத்துக்குச் செலவழிப்பது நகைக்கடையில் நின்றுகொண்டு பாத்திரம் வாங்குகிற மாதிரி. ஆண்டர்சனை மூன்றாவது பிக்கில் எடுக்க முடிந்தது. டெக்ஸன்ஸ் அதைத்தான் செய்தது, அரிசோனாவிடம் அந்த இடத்தை வாங்கி.

ஃபீல்ட்ஸ் விஷயத்தில் மனம் இரண்டுபட்டிருந்தது. 2022-இல் ஓட்டத்தில் மட்டும் 1,143 யார்டு, ஒரு குவார்ட்டர்பேக்குக்கு அது அசாதாரணம். பந்தை எறிவதில்தான் சந்தேகம். ஆனால் சுற்றியிருந்த அணி அவ்வளவு பலவீனம், அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எனவே மூன்றாவது வழி.

விற்றதில் கிடைத்தது என்ன? நியாயமான விலைதானா?

2023 மார்ச் 10-ஆம் தேதி ஜெனரல் மேனேஜர் ரயன் போல்ஸ் முதல் பிக்கை கெரோலைனா பேந்தர்ஸுக்குக் கொடுத்தார். பதிலுக்கு வந்தவை: 2023-இன் 9-ஆவது, 61-ஆவது பிக்குகள், 2024-இன் முதல் ரவுண்ட் பிக், 2025-இன் இரண்டாம் ரவுண்ட் பிக், கூடவே ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) டி.ஜே. மூர்.

விலை பேச ஒரு பழைய அட்டவணை உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது டல்லாஸ் கௌபாய்ஸில் உருவானது. முதல் பிக் 3,000 புள்ளி, இரண்டாவது 2,600, ஒன்பதாவது 1,350, அறுபத்தொன்றாவது 292. ஒன்றிலிருந்து ஒன்பதுக்கு இறங்கினால் இழப்பு 1,650. அதில் 292 உடனே வந்துவிட்டது. மிச்சம் 1,358 புள்ளியை அடுத்த வருட முதல் ரவுண்டும், அதற்கடுத்த வருட இரண்டாம் ரவுண்டும், மூரும் ஈடுகட்ட வேண்டும். எதிர்கால பிக்குகளுக்கு எப்போதும் தள்ளுபடி உண்டு. காத்திருக்கும் பொருளின் விலை குறைவுதான். கெரோலைனாவின் பிக் சுமாராக 16-ஆவது இடத்தில் விழும் என்று வைத்தால் அது 1,000. தள்ளுபடி போட்டாலும் கணக்கு சரிக்கு அருகில் வந்துவிடுகிறது. மூரின் முழு மதிப்பையும் சேர்த்தால் பேர்ஸுக்கு லாபம்.

இது அன்றைய கணக்கு. பிறகு நடந்தது கணக்கில் வராதது. 2023-இல் கெரோலைனா 2 வெற்றி, 15 தோல்வி. பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கை நவம்பரிலேயே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த முதல் ரவுண்ட் பிக் 2024-இன் முதல் பிக்காக மாறியது: அட்டவணையில் 3,000. அதாவது 3,000 புள்ளிக்குப் பொருளை விற்று, விலையின் ஒரு பகுதியாகவே 3,000 புள்ளியைத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். இதைப் போல்ஸின் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டிரேட் நல்லது, அதில் சந்தேகமில்லை. அது மாபெரும் டிரேடாக ஆனது அதிர்ஷ்டத்தால்.

ஆனால் சி.ஜே. ஸ்ட்ரவுடை எடுத்திருக்கலாமே!

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கேட்பவர்களின் எரிச்சலும் புரிகிறது. கெரோலைனா பிரைஸ் யங்கை எடுத்தது, அடுத்த பிக்கில் டெக்ஸன்ஸ் ஸ்ட்ரவுடை எடுத்தது. முதல் வருடமே 4,108 யார்டு, 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிவு) மட்டும். டெக்ஸன்ஸ் 10-7 என்று முடித்து, சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்றான ப்ளேஆஃபில் கிளீவ்லேண்டை 45-14 என்று நொறுக்கியது.

நான் திருப்பிக் கேட்பது இதுதான்: 2023-இல் பேர்ஸ் குவார்ட்டர்பேக் எடுத்திருந்தால் அது ஸ்ட்ரவுடாகத்தான் இருந்திருக்கும் என்று எப்படித் தெரியும்? முதல் பிக்கை வாங்க அவ்வளவு கொட்டிக்கொடுத்த அணியே யங்கைத்தான் எடுத்தது. நாம் விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கேள்விக்குப் பதில் எழுதுகிறோம். ஸ்ட்ரவுடும் இரண்டாம் வருடத்தில் 52 முறை வீழ்த்தப்பட்டு, 12 இன்டர்செப்ஷன் கொடுத்தார். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையான 2022 பேர்ஸின் லைனுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தால் முதல் வருடமே அப்படி ஆகியிருக்கலாம்.

குவார்ட்டர்பேக் விஷயத்தில் சிகாகோவின் காயம் பழையது. 2017-இல் மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு ஏற, பல பிக்குகளை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்து மிட்ச் ட்ருபிஸ்கியை எடுத்தார்கள். அதே டிராஃப்டில் பத்தாவதாகப் போனவர் பேட்ரிக் மஹோம்ஸ். ஸ்ட்ரவுட் பேச்சு வரும்போதெல்லாம் குரல் உயர்வது அந்த மஹோம்ஸ் நினைவால்தான்.

ஜேலன் கார்ட்டரை விட்டுவிட்டு டார்னெல் ரைட்டா?

ஒன்பதாவது இடத்தில் கார்ட்டர் இன்னும் இருந்தார். பேர்ஸ் ஒரு படி இறங்கி, அந்த இடத்தை பிலடெல்பியாவுக்குக் கொடுத்து, 2024-இன் நான்காம் ரவுண்ட் பிக் ஒன்றை வாங்கிக்கொண்டு, பத்தாவதாக டென்னஸியின் டேக்கிள் (லைனின் ஓரத்தில் நிற்பவர்) டார்னெல் ரைட்டை எடுத்தது. கார்ட்டர் மீது களத்துக்கு வெளியே கேள்விகள் இருந்தன. பிலடெல்பியா பயப்படவில்லை, 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌலும் ஜெயித்தது.

கார்ட்டர்தான் பெரிய திறமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ரைட் வலப்பக்க டேக்கிளாக முதல் நாளிலிருந்து நிலைத்து நின்றார். இதைத் தவறு என்று சொல்ல என்னால் முடியவில்லை, பெரிய வெற்றி என்றும் சொல்ல மாட்டேன். கூட வந்த நான்காம் ரவுண்ட் பிக்கில் அடுத்த வருடம் ஓர் ஆஸ்திரேலியரை எடுத்தார்கள், பன்ட்டர் (பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைப்பவர்) டோரி டெய்லர். பன்ட்டருக்கு நான்காம் ரவுண்டா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

2024-இல் மறுபடியும் முதல் பிக். ஃபீல்ட்ஸை வைத்துக்கொண்டு மறுபடியும் விற்றிருக்கலாமே?

மனதுக்குப் பிடித்த வாதம் இது. ஒரு தடவை விற்றதில் இவ்வளவு வந்ததே, இன்னொரு தடவை விற்றால்? கையில் ஃபீல்ட்ஸ், மூர் (2023-இல் 96 கேட்ச், 1,364 யார்டு), நடுவில் வந்து சேர்ந்த தடுப்பாட்டக்காரர் மான்டெஸ் ஸ்வெட். விற்ற பணத்தில் லைனைக் கட்டு, இன்னொரு ரிசீவர் எடு. 2023-இன் கடைசி ஆட்டங்களில் அரங்கமே ஃபீல்ட்ஸ் பெயரைச் சொல்லிக் கத்தியது.

இதை எதிர்ப்பவர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள்: பேர்ஸுக்காக அவர் தொடங்கிய 38 ஆட்டங்களில் 10 வெற்றி, 28 தோல்வி. நான் ஆட்டத்தைவிட நாட்காட்டியைப் பார்க்கச் சொல்வேன்.

2011-இல் ஊதிய விதிகள் மாறின. அதற்கு முந்தைய வருடம் முதல் பிக்காகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உத்தரவாதம். புதிய விதி வந்ததும் 2011-இன் முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 2.2 கோடி. அன்றிலிருந்து புதிய குவார்ட்டர்பேக் என்றால் மலிவான குவார்ட்டர்பேக். நல்ல குவார்ட்டர்பேக்கின் சந்தை விலை வருடத்துக்கு 5 கோடியைத் தாண்டிய காலத்தில், 2024-இல் பேர்ஸ் முதல் பிக்கில் எடுத்த குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸுக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்தே சுமார் 3.95 கோடிதான். மிச்சமாகும் பணத்தில்தான் மற்ற வீரர்களை வாங்க முடியும்.

ஃபீல்ட்ஸ் 2021-இல் வந்தவர். 2024 அவருக்கு நான்காவது வருடம், மலிவுக் காலத்தின் கடைசி. அந்த மே மாதத் தொடக்கத்துக்குள் ஐந்தாவது வருட நீட்டிப்பை எடுப்பதா விடுவதா என்று சொல்லியாக வேண்டும். எடுத்தால் 2025-க்கு 2.5 கோடி டாலருக்கு மேல் உத்தரவாதம். விட்டால், உன்மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டே அவரைத் தலைமை ஏற்கச் சொல்ல வேண்டும். அவர் சுமாராக ஆடினால் மறு வருடம் குவார்ட்டர்பேக்கும் இல்லை, முதல் பிக்கும் இல்லை. நன்றாக ஆடினால் சந்தை விலை. வில்லியம்ஸை எடுத்தால் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. ஃபீல்ட்ஸ் மீது எவ்வளவு பாசம் இருந்தாலும் இந்தக் கணக்கை உடைக்க ஒருவரும் நல்ல பதில் சொல்லவில்லை.

2023-இலும் இதே அணி, இதே ஆள். ஆனால் அப்போது அவருக்கு இரண்டு மலிவு வருடம் பாக்கி. விற்றதும் சரி, மறு வருடம் விற்காததும் சரி என்று நான் சொல்வது அதனால்தான்.

ஃபீல்ட்ஸுக்கு வெறும் ஆறாம் ரவுண்ட் பிக்தானா?

ஆமாம், அதுவும் நிபந்தனையோடு. 2024 மார்ச்சில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை வாங்கியது. அவர் அங்கே சீசனில் பாதிக்கு மேல் ஆடினால் அது நான்காம் ரவுண்டாக உயரும் என்பது ஏற்பாடு. ஆறு ஆட்டம் தொடங்கினார், உயரவில்லை.

பேர்ஸ் தாமதித்ததுதான் காரணம் என்பது என் கருத்து. வில்லியம்ஸை எடுக்கப் போகிறார்கள் என்று ஊருக்கே தெரிந்த பிறகு யார் விலை கொடுப்பார்? அதோடு மற்ற அணிகளின் குவார்ட்டர்பேக் நாற்காலிகளும் ஒவ்வொன்றாக நிரம்பிவிட்டன.

இருவரையும் ஒரு வருடம் சேர்த்து வைத்திருக்கலாமே?

காகிதத்தில் அழகு. உடைமாற்றும் அறையில் வீரர்கள் பலர் ஃபீல்ட்ஸ் பக்கம், வெளியே ரசிகர்கள் இரண்டாகப் பிரிவு. புதுப் பையன் இரண்டு ஆட்டம் சொதப்பினால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது இடத்துக்கு இறங்கி ஜேடன் டேனியல்ஸை எடுத்திருந்தால்? டிரேக் மே?

இருவரும் அதே டிராஃப்டில் வில்லியம்ஸுக்கு அடுத்து இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் போன குவார்ட்டர்பேக்குகள். பழைய அட்டவணைப்படி ஒன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 400 புள்ளி, ஐம்பதாவது பிக்கின் மதிப்பு. மோசமில்லை. ஆனால் இரண்டாவது இடத்தில் இருந்த வாஷிங்டன், வில்லியம்ஸ் மட்டும்தான் வேண்டும் என்று துடித்தால்தான் அந்த வியாபாரம் நடக்கும். பேர்ஸுக்கும் மூவரில் யார் வந்தாலும் ஒன்றுதான் என்ற மனநிலை வேண்டும். இருக்கவில்லை.

டேனியல்ஸ் முதல் வருடத்தில் வாஷிங்டனை 12-5 என்று ஆடவைத்து, அணியை சூப்பர் பௌலுக்கு முந்தைய கட்டமான என்எஃப்சி இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். பேர்ஸோ 5-12. வில்லியம்ஸை 68 தடவை 'சாக்' செய்தார்கள், பந்தை எறியும் முன்பே தரையில் தள்ளினார்கள் என்று பொருள். பயிற்சியாளர் மேட் எபர்ஃப்ளஸை சீசன் நடுவிலேயே அனுப்பினார்கள், நூறு வருடத்துக்கு மேல் வரலாறுள்ள அந்த அணியில் அது முதல் முறை. 2024 டிசம்பரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

அடுத்த சீசனில் பென் ஜான்சன் பயிற்சியாளராக வந்தார். பேர்ஸ் 11-6, தன் பிரிவில் முதலிடம் என்ற டிவிஷன் பட்டம், ப்ளேஆஃபில் கிரீன் பே மீது 31-27 வெற்றி. வில்லியம்ஸ் 3,942 யார்டு எறிந்து, எரிக் கிரேமர் 1995-இல் வைத்த 3,838 என்ற அணியின் சாதனையைத் தாண்டினார். (இன்னும் 4,000 தொட்ட ஒரு பேர்ஸ் குவார்ட்டர்பேக் கிடையாது, இதை எழுதவே வலிக்கிறது.) அதே சீசனில் மே, பேட்ரியட்ஸை சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார். வாஷிங்டன் காயங்களோடு சரிந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் மூவரின் வரிசை மாறுகிறது. இன்றைக்கு என்னைக் கேட்டால் மேதான் முதல், தயங்காமல் சொல்வேன். 2024 ஏப்ரலில் கேட்டிருந்தால் வில்லியம்ஸ் என்றிருப்பேன், அன்றைக்குத்தானே பிக்.

மார்வின் ஹாரிசன் ஜூனியரை எடுத்து ஃபீல்ட்ஸுக்குத் துணை கொடுத்திருக்கலாமே?

ரிசீவருக்கு முதல் பிக்கா? நான்காவதில் அவரை அரிசோனா எடுத்தது. அவரை விரும்பியிருந்தாலும் கீழே இறங்கித்தான் எடுத்திருக்க வேண்டும்.

சரி, அதே வருடம் ஒன்பதாவது பிக்கும் இருந்ததே. ரோம் ஒடுன்ஸே சரியான தேர்வா?

ஒன்பதாவது பேர்ஸின் சொந்த பிக், 7-10 என்று முடித்ததற்குக் கிடைத்த கூலி. முதல் பிக்கைவிட இதுதான் உண்மையில் திறந்த விவாதம் என்பேன். ஏற்கெனவே மூர் இருந்தார், லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸிடமிருந்து கீனன் ஆலனையும் வாங்கியிருந்தார்கள். மூன்றாவது ரிசீவர் எதற்கு?

அந்த டிராஃப்டில் முதல் 14 பிக்குகளும் தாக்குதல் ஆட்டக்காரர்கள். அதனால் டல்லாஸ் டர்னர், லயாட்டு லாட்டு ஆகிய தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் ஒன்பதாவதில் அப்படியே இருந்தார்கள். ஸ்வெட்டுக்கு எதிர்ப்பக்கம் அப்படியொருவர் தேவைப்பட்டார். கீழே இறங்கவும் நல்ல காரணம் இருந்தது: இரண்டாம் ரவுண்ட் ஸ்வெட்டுக்காகவும், சொந்த நான்காம் ரவுண்ட் ஆலனுக்காகவும் போய்விட்டதால் டிராஃப்டுக்குள் நுழையும்போது பேர்ஸிடம் மொத்தமே நான்கு பிக்.

அப்புறம் அந்த 68 சாக். லைனுக்கு ஆள் எடுத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஓட்டை பெரும்பாலும் லைனின் நடுவில், அந்த இடத்துக்கான வீரரை ஒன்பதாவது பிக்கில் எடுப்பது அபூர்வம். 2025-இல் ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், டிரூ டால்மன் என்று வெளியிலிருந்து கொண்டுவந்துதான் அதை அடைத்தார்கள். அதை ஒரு வருடம் முன்பே செய்திருக்கலாம் என்பதுதான் என் புகார், ஒடுன்ஸே மேல் இல்லை. டைட் எண்ட் பிராக் பவர்ஸ் 13-ஆவதாகப் போய் முதல் வருடமே 112 கேட்ச் பிடித்ததைப் பார்த்து மட்டும் கொஞ்சம் வயிறு எரிந்தது.

பேர்ஸுக்கு இதற்கு முன் முதல் பிக் கிடைத்ததே இல்லையா?

2023-க்கு முன் கடைசியாக 1947. அதற்கும் முன் ஒரு விசித்திரம். 1936-இல் நடந்த முதல் டிராஃப்டின் முதல் பிக், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். எடுத்தது பிலடெல்பியா, உரிமையை வாங்கியது பேர்ஸ். அணியின் முதலாளி ஜார்ஜ் ஹாலஸோடு சம்பளம் ஒத்துவரவில்லை. அவர் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். டிராஃப்டின் முதல் முதல் பிக்கே சிகாகோவில் வீணானது.

கெரோலைனா ஏமாந்துவிட்டதா?

இரண்டு வருடம் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் 2025-இல் யங்கோடு 8-9 என்று முடித்தும் டிவிஷன் பட்டம் வாங்கி, ப்ளேஆஃபில் ராம்ஸிடம் 34-31 என்று மட்டுமே தோற்றார்கள். அவர்கள் செய்த தவறு யங்கை எடுத்தது இல்லை. அவருக்குப் பந்து பிடிக்க இருந்த ஒரே நல்ல ரிசீவரையும் விலையில் சேர்த்துக் கொடுத்ததுதான்.

அந்த டிரேடில் வந்ததெல்லாம் கடைசியில் யார் யாராக ஆனது?

9-ஆவது பிக், ரைட்டும் டெய்லரும் ஆனது. 2024-இன் முதல் ரவுண்ட், வில்லியம்ஸ். 2025-இன் இரண்டாம் ரவுண்ட் 39-ஆவதாக விழுந்தது, மிசூரியின் ரிசீவர் லூதர் பர்டன். 61-ஆவது பிக்கோடு இன்னொன்றைச் சேர்த்து 56-க்கு ஏறி, மயாமியின் டைரீக் ஸ்டீவன்சனை எடுத்தார்கள்.

ஸ்டீவன்சனை நினைவிருக்கிறதா? 2024 அக்டோபர் 27, வாஷிங்டன் மைதானம். கடைசி நொடி, பேர்ஸ் முன்னிலை. ஆட்டம் தொடங்கியது தெரியாமல் கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தவர் திரும்பி ஓடிவந்து, டேனியல்ஸ் எறிந்த பந்தைத் தட்டிவிட்டார். அது நேராக நோவா பிரவுன் கையில் போய் விழுந்தது. 18-15. முதல் பிக்கை விற்ற காசில் வந்த பையன், இரண்டாவது பிக் எறிந்த பந்தைத் தட்டி, முதல் பிக்கைத் தோற்கடித்தான். அந்த ஆட்டத்தை நான் இரண்டாவது தடவை பார்த்ததில்லை.